கம்பெனிக் கிணற்று அளவு

வேலூர்க் கல்லூரியில் வேதியியல் கற்பித்த ஃபீபி, பாலாற்றங்கரைக் கிணறுகளின் உப்பு அளவை யாரும் எங்கிருந்தும் பார்க்கவும் சேர்க்கவும் முடியும்படி, கட்டற்ற மென்பொருளில் ஓர் இணையதளம் நடத்தினாள்.

ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் கெமிஸ்டாக இருந்த கணவன் ஆலன், சாப்பிடும்போது பேச்செடுத்தான்.

"எங்க கம்பெனி கிணத்து அளவை எவனோ உன் சைட்ல போட்றானாமே? முதலாளி ரொம்ப பேஜாராயிட்டாரு."

"அதுக்கு இன்னா? நானும் காலேஜ் பசங்களும் போய் அளந்து பாத்தோம், அளவு சரியாத்தான் இருக்கு. எடுக்க மாட்டேன்."

"போட்றது யாருன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

முதலாளி சொல்லித்தான் கேட்கிறானோ என்று ஃபீபிக்கு மனசு கனத்தது.

"முடியாது. பேரே கேக்காத மாதிரி அந்த சாஃப்ட்வேரை நான்தான் மாத்தி வச்சேன். நீங்க கேட்டாலும் சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணுமில்ல."

ஆலன் நிம்மதியாக மூச்சு விட்டான்.

"அப்ப இந்த வாரத்து அளவையும் போட்டுட்றேன்" என்றான்.