ட்ரை பண்றேன்

குளத்துச் சேற்றில் ஒரு வெள்ளாட்டுக் கிடா வயிறுவரை புதைந்து நின்றது. மழை விடவில்லை, தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. கரையில் படுத்திருந்த எருமையிடம், "அக்கா, கொஞ்சம் இழுத்துவிடுங்க" என்று கேட்டது.

"ட்ரை பண்றேன்" என்றது எருமை. அது சந்தைக்குப் போய்வந்த எருமை. முடியாது என்பதை மரியாதையாக இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அங்கே கற்றிருந்தது. சொல்லிவிட்டு அசைபோடத் தொடங்கியது.

ஆடு வேறு வழியில்லாமல் ஒரு நத்தையிடம் கேட்டது.

"ட்ரை பண்றேன்" என்றது நத்தை. அது சந்தையைப் பார்த்ததே இல்லை. மெல்ல ஊர்ந்து வந்து, ஆட்டின் தாடியில் ஒட்டிக்கொண்டு இழுக்க ஆரம்பித்தது.

"விட்டுடுப்பா, நீயும் செத்துப்போவே" என்றது ஆடு.

"பேசாதீங்கண்ணே, பிடி வழுக்குது."

தண்ணீர் நத்தையின் ஓட்டைத் தொட்டது. ஆட்டுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நான்கு கால்களையும் உதறி எம்பி, நத்தையோடு கரையில் வந்து விழுந்தது.

"நல்ல கனம்ணே நீங்க" என்று நத்தை மூச்சு வாங்கியது.

எருமைக்கு முகம் சுண்டிவிட்டது. "நான்தான் ட்ரை பண்றேன்னு சொன்னேனே. அதுக்குள்ள இன்னொருத்தர்கிட்ட எதுக்குப் போய்க் கேட்டே?"