பதினெட்டாவது மேட்னி

"சார், அந்த ஆளு இன்னிக்கும் வந்துட்டாரு. இதோட பதினெட்டு மேட்னி."

டிக்கெட் கிழிக்கிற பழனிவேல் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னதும் மேனேஜர் தேவநாதன் கணக்கு நோட்டை மூடிவைத்தார். சிதம்பரத்தில் இருபது வருஷமாகத் தியேட்டரிலேயே காலம் தள்ளுகிறவர். ஒரே படத்தை நாலு தடவை, அஞ்சு தடவை பார்த்தவர்களைக் கண்டிருக்கிறார். பதினெட்டு என்றால் சும்மாவா?

அதுவும் எப்பேர்ப்பட்ட படம்? தனிக்கட்டையாக இருக்கிற ஒரு ரசிகன், ஒரு நடிகை மேல் பைத்தியமாகி, ரூம் முழுக்க அவள் படத்தை ஒட்டி, கடைசியில் அவளையே தூக்கிக்கொண்டு போய் அடைத்துவைக்கிற திகில் படம். தியேட்டரே அலறும்.

அந்த நடிகை நாளைக்கு நேரில் வருகிறாள். இருபத்தைந்தாவது நாள் விழா. தேவநாதன் புதுச் சட்டை தைத்து, தலைக்கு மை அடித்து, அவள் பக்கத்தில் நிற்கும்போது போட்டோ எடுக்க மச்சானையும் வரச் சொல்லியிருந்தார். அதையெல்லாம் யார் பைத்தியம் என்று சொல்லப் போகிறார்கள்?

"ஆளு எப்படி?"

"அம்பது வயசுக்கு மேல இருக்கும் சார். தனியாத்தான் வருவாரு. யார்கிட்டயும் வாய் தொறக்க மாட்டாரு. ஆனா அந்தக் கதவு தொறக்குற சீன்ல ஒரு கத்து கத்துவாரு பாருங்க, பக்கத்து சீட்டுக்காரங்க எழுந்து வேற எடம் பாக்குறாங்க."

"எந்த ஊராம்?"

"கடலூராம். அங்கயும் இதே படம்தான் ஓடுது. அதை விட்டுட்டு அவ்ளோ தூரம் பஸ்ல வர்றாரு."

தேவநாதனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நடிகை கடலூருக்குப் போகவில்லை, இங்கேதான் வருகிறாள். ஆள் முன்கூட்டியே இடம் பார்த்து வைக்கிறான்.

இருட்டில் போய் அந்த ஆளுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தார். வெயிலில் கறுத்து இறுகின உடம்பு. வெள்ளை வேட்டி. மடியில் ஒரு துண்டு. பாட்டு வந்தது, மனிதர் நிமிரவே இல்லை. நடிகை மழையில் நனைந்தாள், அப்போதும் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளைக்கு முந்தின சீனில் கதவு திறந்தது. தியேட்டர் அலறியது, அவரும் அலறினார். மற்றவர்கள் அடங்கிச் சிரிக்க ஆரம்பித்த பிறகும், துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அவர் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தார்.

லைட் போட்டதும் தேவநாதன் அவர் தோளைத் தொட்டு ரூமுக்குக் கூட்டிப்போனார். எதற்கும் இருக்கட்டும் என்று கதவைத் திறந்தே வைத்து, பழனிவேலை வெளியில் நிறுத்தினார்.

"பேரு என்னங்க?"

"அய்யனாருங்க. கடலூர் தேவனாம்பட்டினம்."

"நாளைக்கு அந்தம்மா வர்றாங்க, தெரியுமில்ல?"

"எந்தம்மா சார்?"

"இந்தக் கதையெல்லாம் வேணாம். படத்துல நடிச்சவங்க."

"அவுங்க பேருகூட எனக்குத் தெரியாதுங்க."

பதினெட்டு தடவை பார்த்துவிட்டுப் பேர் தெரியாதாம். தேவநாதனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"இதோ பாருங்க பெரியவரே, இனிமே உங்களுக்கு இங்க டிக்கெட் கெடையாது. மரியாதையா ஊரப் பாக்கப் போயிடுங்க. இல்லேன்னா ஸ்டேஷனுக்குப் போன் பண்ணிடுவேன்."

அய்யனார் கை கூப்பினார்.

"அப்பிடிச் சொல்லாதீங்க சார். இதை விட்டா நான் எங்க போவேன்?"

படத்தில் அந்த ரசிகனும் அச்சு அசலாக இதையேதான் சொல்லுவான். தேவநாதன் போனை எடுத்தே விட்டார்.

"ஒரு நிமிஷம் சார். எம்புள்ள கடலுக்குப் போயி நாலு மாசம் ஆவுது. சுனாமியிலயே பொழைச்ச பய. படகு கவுந்து கரைக்கு வந்துச்சு, அவன் வரல. ஒடம்பு கெடைக்காம ஊட்ல யாரும் ஒரு சொட்டு கண்ணீர் விடக்கூடாதுன்னு அவங்கம்மா என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. அழுதா, அவன் செத்துட்டான்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமாம். தெனம் அவனுக்கும் சேத்து உலை வைக்கிறா சார்."

தேவநாதன் போனைக் காதில் வைத்தபடியே நின்றார்.

"இந்தப் பக்கத்துக் கரையில அவனைத் தேடப் போறேன்னு சொல்லித்தான் தெனம் பஸ் ஏறுறேன். ஊர்ல எங்க ஒளிஞ்சு அழுதாலும் யாராச்சும் போயி அவ காதுல போட்டுடுவாங்க. இங்கதான் சார் எல்லாரும் கத்துறாங்க. அதோட சேந்து நானும் கத்துனா, ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

இடைவேளை முடிந்து மணி அடித்தது. தேவநாதன் போனை வைத்தார்.

"போங்க. படம் போட்டுட்டாங்க."

"நாளைக்கு மட்டும் வரல சார். ஒங்களுக்குத் தொந்தரவு."

"நாளைக்கும் வாங்க."

அய்யனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனதும் பழனிவேல் எட்டிப் பார்த்தான்.

"என்ன சார், திரும்ப உள்ளயே உட்டுட்டீங்க? கத்துறாருன்னு தெனம் என்கிட்டதானே வந்து சண்டைக்கு நிக்கிறாங்க?"

தேவநாதன் ஆபரேட்டர் ஆண்டிக்குப் போன் போட்டார்.

"ஆண்டி, எல்லாரும் அலறுற எடம் வருமில்ல, இனிமே அங்கல்லாம் சவுண்ட நல்லா ஜாஸ்தி வை. பக்கத்து சீட்டுல ஒருத்தரு அழுதா அடுத்தவனுக்குக் கேக்கக் கூடாது."