ரக்ஷனாவின் கல்யாண நகை

"கல்யாணத்துக்கு நகையே வேணாம்மா. பட்டுப்புடவை மட்டும் போதும்."

ரக்ஷனா இப்படிச் சொன்னதும், "சரி லா, உன் இஷ்டம்," என்று சந்திரமதி உடனே தலையாட்டிவிட்டாள். அம்மா இவ்வளவு சுலபத்தில் மசிகிற ஆள் இல்லையே!

சந்தேகம் சரிதான். மறுநாளே கதவைச் சாத்திக்கொண்டு அம்மா ஃபோனில் பேசுவது காதில் விழுந்தது.

"நேத்து பாத்த தங்கம் பித்தளையாட்டம் இருக்கு. நைன் ஒன் சிக்ஸ் மாதிரி நல்லா மஞ்சளா எடுத்து வைங்க, வந்துடறேன். ஆரம், ஜிமிக்கி, வளையல், ஒட்டியாணம், எல்லாத்துக்கும் பத்தணும்."

வரவேற்பு அன்று ரக்ஷனா சண்டைக்குத் தயாராகவே மேடையேறினாள். அம்மாவோ கைப்பையைத் திறக்கவேயில்லை. "வா, கேக் வெட்டலாம்," என்று மட்டும் இழுத்துக்கொண்டு போனாள்.

கேக்கின் உச்சியில், ரக்ஷனாவைப் போலவே மூக்குக்கண்ணாடி போட்ட மணப்பெண் பொம்மை. விரல் உயரம்கூட இல்லை. அதன்மேல் ஆரம், ஜிமிக்கி, வளையல், ஒட்டியாணம் அத்தனையும் தங்கப் பெயின்டில் ஜொலித்தன. முதலில் பழுப்பு பூசிக் காயவிட்டு, அதற்குமேல் ஊசிமுனைத் தூரிகையால் புள்ளி புள்ளியாக வைத்த வேலை. அம்மாவின் நகக்கண்ணில் இன்னும் பொன் ஒட்டியிருந்தது.

"நகையே வேணாம்னு சொன்னேனேம்மா!" சிரிப்பை அடக்க முடியவில்லை ரக்ஷனாவுக்கு.

சந்திரமதி பொம்மையைக் காட்டினாள்.

"இவ சொல்லலையே!"