காவல் காத்த லட்சணம்

"ஆவுளியா விழுந்திருக்காம். ராசு வலையில!"

சேதி காதில் விழுந்ததும் அடைக்கலமேரி அடுப்பில் கொதித்த உலையை மறந்தாள். வீட்டில் இருப்பதிலேயே பெரிய சட்டியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

பின்னே என்ன? மீமிசலை ஒட்டிய அந்தக் கரையில் பத்து நாளாக ஒரு சாளைமீன்கூடக் கிடைக்கவில்லை. ஆவுளியா என்றால் கடல்பசு. யார் வலையில் விழுந்தாலும் கரையில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் பங்கு உண்டு.

"அக்கா, ஒங்க கத்தியைக் கொஞ்சம் குடுங்க. கறி அறுக்க ஆகும்" என்று வந்து நின்றாள் ராசுவின் பெண்டாட்டி செவந்தி. இன்னொரு கையில் புருஷனுக்குக் கஞ்சித் தூக்கு.

"நேத்துத்தான் சாணை பிடிச்சது. கையை அறுத்துக்காதடி."

பங்கு பிரிக்க வேண்டிய கரைத் தலைவர் சின்னப்பிள்ளை அறந்தாங்கிக்குப் போயிருந்தார். பன்னிரண்டு மணி பஸ்ஸில்தான் வருவார். அதுவரை உயிரோடு கிடந்தால்தான் கறி கெடாது என்று, இடுப்பளவுத் தண்ணீரில் நாலு கம்பு நட்டு, வலையோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருந்தார்கள். மூச்சு வாங்க மேலே வரும்போதெல்லாம் வலை அதன் மூஞ்சியை அறுத்தது. அதை யார் பார்த்தார்கள்? காவலுக்கு ராசுவை விட்டுவிட்டு, மற்றவர்கள் கரைமேட்டில் தாழம்புதர் மறைவில் பனமட்டையைக் குவித்துத் தீ மூட்டிக்கொண்டிருந்தார்கள்.

பஸ் ஹாரன் கேட்டதும் சட்டியும் கூடையுமாக ஊரே கடலுக்கு ஓடியது. எல்லாருக்கும் முன்னால் ஓடியது அடைக்கலமேரிதான்.

கம்பு இருந்தது. வலை இருந்தது. வலையில் ஒரு வண்டி நுழைகிற அளவுக்கு ஓட்டையும் இருந்தது. ஆவுளியாவைக் காணோம்.

மணலில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு ராசு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"எங்கடா ஆவுளியா?"

ராசு எழுந்து கண்ணைக் கசக்கினான். "கொஞ்சம் கண்ணசந்துட்டேன் போலருக்கு."

வந்த ஆத்திரத்தில் அடைக்கலமேரி சட்டியை அவன் தலையில் கவிழ்த்திருப்பாள். செவந்தி முந்திக்கொண்டாள்.

"கட்டிப்போட்டதைக் காவக்காக்கத் துப்பில்ல, மூஞ்சியில மீசை ஒரு கேடு. ஊரே பட்டினி கெடக்கு, இந்த மனுசனுக்குப் பகல்ல தூக்கம் கேக்குது. இவனைக் கட்டிக்கிட்டு நான் என்ன சொகத்தைக் கண்டேன்?"

ராசு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். அதற்குள் நாலு பேர் வலையை இழுத்துக் கரையில் போட்டார்கள்.

சின்னப்பிள்ளை கையமர்த்தினார். "சண்டை பெறகு. அந்த வலையை இங்கிட்டு விரிங்க. தானாப் பிஞ்சிருந்தா போகட்டும். ஆராவது அறுத்து விட்டிருந்தா, அந்தக் குடும்பம் ஒரு வருசத்துக்குக் கடல்ல எறங்கக் கூடாது."

அவர் சொல்லி முடிப்பதற்குள் செவந்தி வலையை இரண்டு கையாலும் வாரி எடுத்துவிட்டாள்.

"பாக்குறதுக்கு என்ன அண்ணே இருக்கு? இத்துப்போன வலை, இத்துப்போன மனுசன். ரெண்டும் எனக்கு வேணாம்."

கறிக்காக மூட்டிய தீயில் கொண்டுபோய்ப் போட்டாள். ஈர வலை முதலில் புகைந்தது. எல்லாரும் இருமிக்கொண்டு பின்வாங்கினார்கள். யாரோ கம்பை விட்டு இழுப்பதற்குள் முக்கால்வாசி கரியாகிவிட்டது.

இருந்தது அந்த ஒரு வலைதான். இனி ராசு கூலிக்கு அடுத்தவன் வள்ளத்தில்தான் ஏற வேண்டும். ஒரு பொம்பளைக்கு இவ்வளவு ஆங்காரம் ஆகாது என்று ஊர் பேசிக்கொண்டு கலைந்தது. அடைக்கலமேரிக்கே ராசுவைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

வெறும் சட்டியோடு திரும்புகிற வழியில் கத்தி ஞாபகம் வந்து செவந்தி வீட்டுக்குள் நுழைந்தாள். செவந்தி எடுத்துக் கொடுத்தாள்.

அடைக்கலமேரி கத்தியைத் திருப்பிப் பார்த்தாள். பிடியும் அலகும் சேருகிற இடத்தில் ஈரம் காயாத வலைநூல் ஒன்று சிக்கியிருந்தது.

கறியே அறுக்கவில்லையே, கத்தியில் ஏது நூல்?

"ஏடி, நீயா?"

செவந்தி குரலைத் தாழ்த்தினாள். "அதுக்கு ஒரு குட்டி இருந்துச்சுக்கா. வலைக்கு வெளிய நின்னுக்கிட்டு, பால் குடிக்க வலைக்கண்ணுல முட்டிக்கிட்டே கெடந்துச்சு. தாயும் அங்கிட்டும் இங்கிட்டும் ஒடம்பைத் திருப்பிக் குடுத்துப் பாக்குது, வலை விடலை. கஞ்சித் தூக்கைக் கீழ வச்சேன். பெறகு என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியலக்கா."

வாசலில் நிழல் விழுந்தது. சின்னப்பிள்ளை.

"கத்தியை வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் என்ன பேச்சு?"

ஒரு வார்த்தை போதும், ஒரு வருஷத்துக்கு இந்த வீட்டில் உலை வைக்க முடியாது. அடைக்கலமேரிக்கு வயிறும் காய்ந்துதான் கிடந்தது. நூலை நகத்தால் கிள்ளிச் சட்டிக்குள் போட்டாள். அதன் மேலேயே கத்தியையும் போட்டாள்.

"கறி அறுக்கக் குடுத்த கத்தியைத் திருப்பி வாங்க வந்தேண்ணே. இனி முருங்கைக்காயைத்தான் அறுக்கணும். எல்லாம் அந்தத் தூங்குமூஞ்சியால."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். அடைக்கலமேரி வாசலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"நல்லவேளை, ஒம் புருசன் தூங்கித் தொலைச்சான். முழிச்சிருந்தா அறுக்க விட்டிருப்பானாடி?"

செவந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அவரு எங்கக்கா தூங்குனாரு? நான் அறுக்குறப்ப, நூல் வெறைப்பா நிக்கட்டும்னு வலையை இழுத்துப் பிடிச்சதே அவருதான்."