தலைமை மருத்துவர் வீட்டுக் கரண்ட்

"இந்த வாரமும் தோத்துகுல் அசானோவ்னா வரலையா?" என்று கேட்டாள் அய்ஜார்கின்.

"வந்தாங்க டீச்சர். வணக்கம் சொன்னாங்க. கரண்ட் போயிடுச்சு," என்றான் திரையில் மக்சாத்.

"நீங்களும் அதே கட்டடம்தானே?"

"மேல் மாடி."

"உங்க தலைக்கு மேல பல்பு எரியுதே."

மக்சாத் அண்ணாந்து பார்த்தான். "எங்களுக்கு வேற லைன் போல."

அய்ஜார்கின் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து இணையவழியில் நடத்துவது ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பு, மருத்துவமனை நிர்வாகம். பாதி மதிப்பெண் குழுப் பணிக்கு. பழகியவர்கள் என்றால் கூச்சமில்லாமல் பேசுவார்கள் என்று, மலை நகரமான நரினின் மருத்துவமனைக்காரர்கள் நால்வரையும் ஒரே குழுவில் போட்டிருந்தாள். தோத்துகுல் அங்கே தலைமை மருத்துவர். மற்ற மூவரும் அவருக்குக் கீழே.

"குழுவுல ஒருத்தருக்கொருத்தர் போடற மார்க்குல மூணு பேரும் அவங்களுக்குப் பத்துக்குப் பத்து போட்டிருக்கீங்க. எதுக்கு?"

"பொதுவா... நல்லவங்க."

உழைப்பது மூவர், தேர்ச்சி அதிகாரிக்கு. அய்ஜார்கின் சைபர் போட முடிவு செய்தாள். தேர்ச்சி இல்லையென்றால் தோத்துகுலுக்கு வசந்தத்தில் பதவி நீட்டிப்பும் இல்லை. சொல்லிவிட்டுப் போடுவதுதான் முறை என்று அவரை அழைத்தாள்.

தேநீர்க் கிண்ணத்தோடு திரையில் வந்து உட்கார்ந்தார் தோத்துகுல்.

"கரண்ட் வந்துடுச்சா டாக்டர்?"

"அது போகவே இல்லம்மா."

"சைபர் போடப் போறேன்."

"போடுங்க. நியாயம்தான்."

"பதவி போயிடுமே. ஏன் இப்படிப் பண்றீங்க?"

"முதல் கூட்டத்துல கடைசிவரைக்கும் இருந்தேன். நம்ம நோயாளிங்க ஏன் இவ்வளவு நேரம் காத்துக்கிடக்கறாங்கங்கறதுதான் கேள்வி. மூணு பேரும் என் முகத்தைப் பார்த்துட்டு, ரோட்டுல பனி, அதான்னாங்க. ஜூலையிலயுமான்னு கேட்டேன். ஆமான்னுட்டாங்க."

அய்ஜார்கின் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அடுத்த கூட்டத்துலேருந்து வணக்கம் சொல்லிட்டு, கரண்ட் போச்சுன்னு கிளம்பிடறேன். அப்புறம் அவங்க எழுதினதைப் படிச்சீங்களா? எக்ஸ்ரேக்குக்கூட தலைமை மருத்துவர் கையெழுத்து வேணும், அவங்க மத்தியானம்வரைக்கும் மீட்டிங்ல இருப்பாங்கன்னு. எட்டு வருஷமா யாரும் என் காதுல போடாத விஷயம். இன்னிக்குக் காலையில அந்தக் கையெழுத்தை எடுத்துட்டேன்."

"அவங்களுக்குச் சந்தேகம் வரலையா?"

"மேலிடத்து உத்தரவுன்னு சொல்லிட்டேன். குழு எழுதறதை நான் திறந்தே பார்க்கறதில்லைன்னு நினைச்சிட்டிருக்காங்க."

"உண்மையைச் சொல்லிட்டு நீங்களும் உட்கார்ந்து பேசலாமே. மார்க்கும் கிடைக்கும்."

"அப்புறம் யார் வாயைத் திறப்பாங்க? இன்னும் ரெண்டு கூட்டம் பாக்கி இருக்கு. என்மேல வேற என்னென்ன புகார்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

பேசி முடித்ததும், 'குழுப் பணியில் பங்களிப்பு' என்ற கட்டத்தில் அய்ஜார்கின் அவருக்கு முழு மதிப்பெண் போட்டாள். காரணம் கேட்ட இடத்தில், 'கூட்டங்களில் இல்லாதது' என்று எழுதினாள்.