அண்ணி வீட்டுப் பழமரம்

"பல்லைப் பிடுங்குற நேரத்துல பழமரத்தைப் பத்திப் பேசறீங்களே அண்ணி, இது நியாயமா?"

சின்ன டாக்டருக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. பெரிய டாக்டரான அண்ணன் வெளியூர் போய்விட்டதால், இன்றுதான் கிளினிக்கில் தனியாகப் பார்க்கிறார். காலேஜில் கடைசியாகப் பிடுங்கிய பல் பாதியில் உடைந்ததிலிருந்து, இடுக்கியைத் தொடவே பயம். இன்றைக்கும் சொதப்பினால் இந்தத் தொழிலையே தலைமுழுகிவிடுவது என்று முடிவு.

நாற்காலியில் ஒரு பெரியவர். எதைக் கேட்டாலும் தலையாட்டினார். ஊசி போட்டாகிவிட்டது. வாயைப் பிளந்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ட்ரேயோடு நின்ற அண்ணியோ அளந்துகொண்டே போனார்.

"எங்கம்மா வீட்டு மரம் தம்பி. பழத்தோல்ல பாத்திரம் தேய்ச்சா பளபளன்னு ஆயிடும். இலையை அரைச்சுத் தடவினா வழுக்கையில முடி முளைக்கும்."

"உங்கப்பாவுக்கு முளைக்கலையே?"

"அவர் எங்கே தடவினார்? பச்சையா மென்னுட்டார்."

"உங்கம்மா வீடு மூணாவது மாடி! அங்கே ஏது மரம்?"

"அதான் விசேஷமே. அதுக்கு வேர் மேல, கிளை கீழ. மொட்டைமாடியிலேர்ந்து தொங்கும்."

"வேர் மேல இருந்தா தண்ணி எப்படிக் குடிக்கும்?"

"மழை மேலேர்ந்துதானே பெய்யுது?"

சின்ன டாக்டருக்குத் தலை சுற்றியது. வாய் கூசாமல் இப்படி ஒரு பொய்யா? ஆனால் மழை மேலேயிருந்துதானே பெய்கிறது? சே, இது என்ன கூத்து!

"வெயில்ல வேர் காய்ஞ்சு கருகிடும் அண்ணி! சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்!" என்று கத்திக்கொண்டே கையைத் திருப்பி இழுத்தார்.

ட்ரேயில் 'ணங்'கென்று ஏதோ விழுந்தது.

கடைவாய்ப் பல். முழுசாக, ஒரு கீறல் இல்லாமல். இடுக்கியை எப்போது எடுத்தோம் என்பதே அவருக்குப் புரியவில்லை.

பெரியவர் பஞ்சைக் கடித்தபடி எழுந்து, கையைக் குலுக்கிவிட்டு, வெளியே காத்திருந்த மகளோடு கிளம்பினார்.

இப்போதுதான் சின்ன டாக்டருக்கு உறைத்தது.

"மன்னிச்சுக்கங்க அண்ணி, நான் ஒரு மடையன். பேஷண்ட் பயத்தை மறக்கட்டும்னுதானே அவ்வளவு புளுகினீங்க?"

அண்ணி இடுக்கியைக் கழுவிக்கொண்டே சிரித்தார்.

"அவருக்கா? வரும்போதே மக சொல்லிட்டா தம்பி, அவருக்கு ரெண்டு காதும் சுத்தமா கேக்காது!"