பின்னால் நடந்தவள்

எட்டு வருஷத்துக்கு முன்னால் முழங்கால் உடைந்த மரகதவல்லி, அன்றுதான் டிரெட்மில்லில் கைப்பிடியைத் தொடாமல் நடந்தாள்.

சுவரில் சாய்ந்திருந்த அவளுடைய ஊன்றுகோல், டிரெட்மில்லின் கைப்பிடியைச் சீண்டியது. "உன்னையும் விட்டுட்டாளா?"

"இல்லையே, இறுக்கிப் பிடிச்சிருக்காளே. கைதான் சில்லுன்னு இருக்கு."

"ரெண்டு கையையும் வீசிக்கிட்டுல்ல நடக்கிறா!"

கீழே ஓடிக்கொண்டிருந்த பெல்ட் மெல்லச் சொன்னது. "என் மேல ரெண்டு பேர் நடக்கிறாங்க. முன்னாடி போறவ நல்லா நடக்கிறா. பின்னாடி வர்றவ நொண்டுறா."

மரகதவல்லி மெஷினை நிறுத்தி இறங்கினாள். ஊன்றுகோலை மறந்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்தபடி வாசலைத் தாண்டிப் போனாள்.

"என்னை விட்டுட்டுப் போறாளே!" என்று ஊன்றுகோல் அலறியது.

"கத்தாத," என்றது கைப்பிடி. "இன்னொருத்தி இப்பதான் என்னை விட்டுட்டு இறங்கினா. உன்கிட்டதான் வர்றா."

ஊன்றுகோல் சந்தோஷமாக நிமிர்ந்து நின்றது.